ரப்பர் முரசு

சடக்கென்று ஒரு சத்தம். மூன்றாம் மாடி வீடியோ விளையாட்டுக் கூடத்தில் அத்தனை இயந்திரங்களும் அலறிக்கொண்டிருந்தபோதும் அது எனக்குத் தனியாகக் கேட்டது. நான் ஜன்னலோரம் நின்று பார்லி தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தேநீர் நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் தொகாஷி கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், மேடம். வாக்குமூலமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் முகாய்தா. இந்த ஹமாமட்சு நகரில் இருபத்திரண்டு வருடமாக முரசு கற்றுக்கொடுக்கிறேன். முரசு என்றால் மரத்தைக் குடைந்து மாட்டுத்தோல் போர்த்தியது. அடித்தால் திருப்பி அடிக்கும். தோள்பட்டை வரை தெரியும். அந்தக் கூடத்தில் இருப்பது பிளாஸ்டிக் பானை மேல் ஒரு ரப்பர் தட்டு. திரையில் சிவப்பு வட்டம் வந்தால் நடுவிலும் நீல வட்டம் வந்தால் விளிம்பிலும் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் ஒரு கார்ட்டூன் முரசு பல்லிளிக்கும். இந்தக் கிலுகிலுப்பைக்காக வளர்ந்த ஆண்கள் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

இயந்திரத்தில் கட்டியிருக்கும் குச்சி அவர்களுக்குக் கனமாம். ஆளுக்கொரு ஜோடி சொந்தக் குச்சியை, நுனியைப் பென்சில் மாதிரி சீவி, துணிப்பையில் கொண்டுவருவார்கள். வெளிக் குச்சிகளுக்கு அனுமதி இல்லை என்று சுவரில் ஓர் அறிவிப்பு உண்டு. அது தொங்கும் ஆணியிலேயே பையை மாட்டிவிட்டு ஆடுவார்கள்.

தொகாஷி பார்சல் வண்டி ஓட்டுபவன். இருபத்தாறு வயது. மாவட்ட மதிப்பெண் பட்டியலில் முதல் இடம். நிஜ முரசை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. போன கோடையில் என் மாணவர்களோடு அங்கே போயிருந்தபோது அவன்தான் கூப்பிட்டான்.

"ஒரு ஆட்டம் போடுங்க மாஸ்டர். ரப்பர்தான், கடிக்காது."

போட்டேன். தோளிலிருந்து வீசி, முறைப்படி அடித்தேன். பாதி அடிகளை இயந்திரம் கணக்கிலேயே எடுக்கவில்லை. முடிவில் கார்ட்டூன் முரசு அழுதது. என் மாணவர்கள் சிரித்தார்கள். தொகாஷி சிரிக்கவில்லை. பழகினால் வந்துவிடும் என்று என் முதுகைத் தட்டினான்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த மார்ச்சில் ஒரு டப்பா பிஸ்கட்டோடு என் வீட்டுக்கே வந்தான். தேசியப் போட்டிக்குப் போகிறானாம். குனிந்து வணங்கினான். "மரத்தப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும் மாஸ்டர். லேசா ஒரு ஜோடி செஞ்சு குடுங்க."

செய்தேன். நல்ல மேப்பிள், நார் நீளமாக ஓடும் கட்டை. கைப்பிடிக்கு நான்கு விரல் மேலே, நாரின் போக்கில் சாய்வாக ஒரு கீறல் போட்டேன். பசையும் மரத்தூளும் வைத்து அடைத்துத் தேய்த்தேன். மெதுவான பாட்டைத் தாங்கும். வேகமான உருட்டல் வந்தால் பிளக்கும்.

எல்லோர் முன்னாலும் குச்சி உடைந்து அவன் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். அவ்வளவுதான் என் நோக்கம். அரைகுறையாக எதையும் செய்வது எனக்கு வழக்கமில்லை என்பதால், முதலில் வீட்டில் ஒரு பழைய ரப்பர் தட்டை வைத்து ஆறு குச்சிகளை உடைத்துப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டிருந்தேன். நான்கு முறை மரச்சிலாம்பு பழத்தில் ஏறியது. கீறலின் சாய்வைச் சற்று மாற்றினேன். அப்புறம் இன்னும் ஆறு குச்சிகளை உடைத்தேன்; ஆறுக்கு ஆறு. பழத்தை வீணாக்கவில்லை.

ஞாயிறு மதியம் புதுக் குச்சியோடு ஆடப்போவதாகச் சொல்லி, என்னைப் பார்க்க வரச்சொன்னதும் அவன்தான்.

வலது கண் போய்விட்டது என்கிறீர்கள். நிஜ முரசை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வாசிக்கலாம், மேடம். திரையைப் பார்த்துத் தட்டுகிறவனுக்குத்தான் கண் வேண்டியிருக்கிறது.

என் இழுப்பறையில் கிடைத்த அட்டையை முன்னால் வைக்கிறீர்கள். ஆமாம், ஆடுகிறவர்களின் மதிப்பெண்ணைப் பட்டியலில் ஏற்றும் அட்டைதான். என்னுடையதுதான். ஒன்பது மாதத்தில் இரண்டாயிரத்து நூறு ஆட்டங்கள் என்று இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரு பொம்மையை வெறுப்பவன் அதைத் தெரிந்துகொண்டு வெறுக்க வேண்டாமா. பக்கத்து ஊர்க் கூடத்தில், ஆளில்லாத காலை வேளைகளில், வேறு பெயரில் ஆடினேன். மாவட்டப் பட்டியலில் இரண்டாம் இடம் வந்தது தற்செயல்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்கிறீர்கள். சொல்ல எதுவுமில்லை. கேட்கத்தான் ஒன்று இருக்கிறது.

"பட்டியல்ல இன்னும் அவன் பேருதான் மேல இருக்கா, மேடம்?"