முன்சீட்டுத் தேய்மானம்

– ஷூ பாலிஷ்! கார் சீட்டுக்குப் போய் யாராவது ஷூ பாலிஷ் போடுவாங்களா?

– கத்தாத. பாப்பா இப்பத்தான் கண்ணசந்திருக்கா.

– எழுந்திருக்கட்டும். எழுந்து அப்பன் லட்சணத்தைப் பார்க்கட்டும். லாண்டரியிலேருந்து வாங்கின வெள்ளைக் கோட்டை முன்சீட்டுல போட்டுட்டு வந்தேன். எடுத்துப் பார்த்தா முதுகு பூரா பழுப்பு. நாளைக்கு லேப்ல இதைத்தான் மாட்டிக்கிட்டு நிக்கணும்.

– என்னை என்ன பண்ணச் சொல்ற? சீட்டு தேய்ஞ்சு வெளுத்துக் கிடந்துச்சு. உங்கப்பா காராச்சே. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் டூல் பாக்ஸைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் சீட்டு இந்தக் கதி ஆச்சுன்னு போன வாரம் பூரா என்கிட்ட அவர் பாட்டு. அதான் நேத்து ராத்திரி கைக்குக் கிடைச்சதை எடுத்துத் தேய்ச்சேன்.

– உங்க டூல் பாக்ஸ் தானா கதவைத் திறந்து ஏறி இறங்குமா?

– என்ன பேச்சு இது?

– தேய்ஞ்சிருக்கிற இடத்தைப் பார்த்தீங்கள்ல? கதவோர விளிம்பு. ஆளு ஏறி இறங்குற இடம். நான் எப்பவும் பாப்பாவோட பின்னாடி. முன்னாடி உங்க பக்கத்துல யாரு உட்கார்றா?

– யாருமில்ல.

– அப்ப காத்து வந்து உட்கார்ந்துட்டுப் போகுதாக்கும். சாயுற இடத்துல நீளமா ஒரு கீறல். அது கைப்பைக் கொக்கி. எந்த டூல் பாக்ஸுக்குக் கொக்கி இருக்கு? மறைக்கத்தானே பாலிஷ்?

– கதவு திறந்து கிடந்துச்சு, வந்துட்டேன். தெருவுல பாதிப்பேர் ஜன்னல்ல நிக்கிறாங்க. மீதிப்பேருக்கு நான்தானே சொல்லணும், விவரமா கேட்டுக்கலாம்னு.

– வாங்க எதிர்வீட்டக்கா. உங்களைத்தான் நெனச்சேன். இந்தத் தெருவுல யார் எந்தக் கார்ல ஏறுறாங்கன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. இவர் யாரை ஏத்திக்கிட்டுத் திரியறாரு?

– இதுக்கா இவ்வளவு ரகளை? தோல்னா தேயத்தான் செய்யும் ராசாத்தி. ஈரத்துணியால துடைச்சு, தோலுக்குன்னு கலர் க்ரீம் விக்கிறான், மெல்லிசா ரெண்டு தடவ பூசிக் காயவிட்டா முடிஞ்சுது. பாலிஷ் ஆகாது தம்பி. ஒட்டும்.

– நான் கேட்டது அது இல்லக்கா.

– உன் புருஷன் அந்த மாதிரி ஆளு இல்லடி. லிஃப்டுக்குள்ள ஒரு பொம்பளை ஏறினா இவன் படியில இறங்கிடுவான்.

– பார்த்தியா? அக்காவே சொல்றாங்க!

– அதான் எனக்கு உதைக்குது. போன வாரம் பேப்பர்காரர் வீட்டுச் சண்டையில ரெண்டு பக்கமும் ஊதிவிட்டவங்க இவங்க. இங்க மட்டும் தண்ணி ஊத்துறாங்க. என்னமோ தெரிஞ்சிருக்கு.

– எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இவனைச் சந்தேகப்படாத.

– கடைசியாக் கேட்கறேங்க. யாருன்னு சொல்லுங்க. இல்லேன்னா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு அப்பாகிட்ட போயிடுவேன். அப்புறம் கூப்பிட்டா இறங்க மாட்டேன்.

– தெரியாததை எப்படிச் சொல்றது? ஏதாவது ஒரு பேரை உண்டாக்கிச் சொல்லட்டுமா?

– சரி. துணியெல்லாம் எடுத்தாச்சு. நகருங்கக்கா, வழி விடுங்க.

– மேல போகாத.

– ஏன்?

– மேல உட்கார இடமில்ல. சாமானெல்லாம் மூட்டை கட்டிக் கிடக்கு.

– எங்கப்பா வீட்டுல மூட்டை கட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– பாதி நான் கட்டினது. இரு, திரும்பிக்கிறேன். என் முதுகைப் பாரு. புது ரவிக்கை, இன்னிக்குத்தான் போட்டேன்.

– ஐயோ. என் பாலிஷ்!

– நீங்க சும்மா இருங்க. அக்கா, காலையில அப்பா கண் டாக்டரைப் பார்க்கப் போறேன்னுதானே காரை எடுத்தாரு?

– அவரு கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வாரம் ரெண்டு தடவ பரிசோதனைக்கு எந்தக் கண்ணு தாங்கும்? நீயும்தான் நம்பின.

– தெருவுல ஒருத்தர்கூடப் பார்க்கலையா?

– இந்தத் தெருவுல கண்கொத்திப் பாம்பா உட்கார்ந்திருக்கிறது நான் ஒருத்திதான். நானே கார்ல ஏறிட்டா வேற யாரு பார்ப்பா?

– அப்ப கீறல்?

– என் பையோட கொக்கிதான். பழியை மருமகன் பாக்ஸ் மேல போட்டுக்கலாம்னாரு உங்கப்பா. வேண்டாம்னு சொன்னேன், கேட்கல.

– போன வாரம் பூரா என்னைத் திட்டினாரே!

– நல்லாத் திட்டினாரு தம்பி. எனக்கே நம்பலாம்போல இருந்துச்சு.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?

– தினம் அதுக்குத்தானே வந்தேன். ஊரார் சேதின்னா மூச்சுவிடாம வருது. என் சேதின்னதும் நாக்கு ஒட்டிக்குது. இன்னிக்கு நீ பையைத் தூக்காம இருந்திருந்தா, இன்னிக்கும் பேப்பர்காரர் கதையைப் பேசிட்டுப் போயிருப்பேன்.

– முதல்ல அந்தப் பையைக் கீழ வை. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நிறைய பேச வேண்டியிருக்கு.

– நீங்க பேசுவீங்க. நான் இவங்களை இனிமே என்னன்னு கூப்பிடறது? அக்கான்னு சொன்னா அப்பா மூஞ்சியை எங்க வச்சுக்குவாரு?

– சீக்கிரமா யோசிச்சு வை. போன மாசமே உங்கப்பாவும் நானும் கல்யாணப் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை லாரி வருது, கடலோரமா ஒரு சின்ன வீடு பார்த்திருக்காரு. கார் உங்களுக்குத்தான். அங்க எனக்கு ஒரு ஜன்னல்கூடத் தெருப்பக்கம் இல்லடி. இனிமே இங்க நடக்கிறதை நீதான் போன்ல சொல்லணும், ஒண்ணு விடாம.