‘ஒத்திவைப்பு’ ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தது

என் பெயர், வயது, முகவரி ஆகியவற்றை ஆய்வாளர் கேட்டு இந்தத் தாளின் தலையில் குறித்துக்கொண்டார். அவை சரி. நான் பேருந்து ஓட்டுநராக இருந்து, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனதால் வேலையை விட்டவன். மனைவியுடன் வசிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ் சென்டருக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். அங்கே எல்லோரும் என்னை டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். இறந்துபோனவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அவரை நாங்கள் ஜட்ஜ் என்று கூப்பிடுவோம். இந்த வாக்குமூலத்திலும் அப்படியே சொல்கிறேன். பெயரைச் சொன்னால் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது.

சம்பவம் நடந்த அன்று என்னை விசாரித்த உதவி ஆய்வாளரிடம், நான் தூங்கிவிட்டேன், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அது பொய். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, நடந்ததைச் சொல்கிறேன்.

சென்டரில் நாங்கள் படுத்திருக்கும் அறையில் சாய்வு நாற்காலிகள் இரண்டிரண்டாகப் போடப்பட்டிருக்கும். நானும் ஜட்ஜும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எனக்கு இடது கையில் ஊசி, அதனால் வலது கை சும்மா இருக்கும். அதை நீட்டினால் ஜட்ஜின் மிஷின் எட்டும். ஆளுக்கு இரண்டு ஊசி குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் மிஷினுக்குப் போகும், மற்றதன் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வரும். ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஜட்ஜுக்கு எப்போதும் குளிரும். வீட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த காப்பிக்கலர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்வார். டெக்னீஷியன் பெண் வரும்போதெல்லாம் கையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அவரைத் திட்டிவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் கை உள்ளே போய்விடும்.

எதிர்ச் சுவரில் ஒரு டி.வி. உண்டு. அதில் காலையில் ‘ஒத்திவைப்பு’ என்ற கோர்ட் நாடகத்தை மறு ஒளிபரப்பு செய்வார்கள். நாடகத்தைப் பற்றியெல்லாம் எழுத வேண்டுமா என்று ஆய்வாளர் கேட்டார். எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் ஜட்ஜ் இன்று கடையில் உட்கார்ந்திருப்பார்.

நாடகத்தில் ஒரு கொலை வழக்கு. நேரில் பார்த்த ஒரே சாட்சி ஒரு வாட்ச்மேன். அவன் கூண்டில் ஏறி நின்று வாரக்கணக்காகியும் வாயைத் திறக்கவில்லை. கேமரா ஒருநாள் அவன் முகத்தைக் காட்டும். ஒருநாள் கூண்டைப் பிடித்திருக்கும் விரலைக் காட்டும். ஒருநாள் முழுக்க மின்விசிறியைக் காட்டினார்கள். பேச்சு இருந்தாலும் காதோடு காதாகத்தான் இருக்கும். அதனால் அது ஓடும்போது சத்தத்தைக் கூட்டி வைப்போம். ரிமோட் என்னிடம்தான் இருக்கும், ஏனென்றால் சேனலை மாற்றிவிடுவேன் என்று தினமும் சண்டை போடுகிறவன் நான்.

எனக்கு அந்த நாடகத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். “வண்டியை நியூட்ரல்ல போட்டுட்டு ஹாரன் மட்டும் அடிச்சிட்டிருக்கான். இதுக்குப் பேரு கதையா?” என்பேன். ஜட்ஜுக்கு அதுதான் உயிர், அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். “உங்களுக்கு எல்லாம் எக்ஸ்பிரஸ்ஸா போகணும் டிரைவரே. அந்த ஆளு யோசிக்கிறான், பாருங்க. மனுஷன் யோசிக்கிறத வேற எவன் டி.வி.ல காட்டியிருக்கான்?” என்பார். எங்களுக்கு முன்வரிசை நாற்காலியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவர் இரண்டு பக்கமும் சேராதவர். “நடிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வக்கீலம்மா ஒரு ஃபைலைப் பிரிக்க ஒரு எபிசோடு எடுத்துக்குது. என் பரீட்சை ஹாலா இருந்தா பேப்பரப் புடுங்கியிருப்பேன்” என்பார். ஆனாலும் ஒருநாள்கூடக் கண்ணை மூடமாட்டார். டெக்னீஷியன் பெண், “சண்டை போடாம இதையே பாருங்க. இது ஓடுறப்பதான் இங்க ஒருத்தருக்கும் பிரஷர் ஏற மாட்டேங்குது” என்று சிரிப்பாள்.

ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல், “கண்ணால பாத்ததைச் சொல்ல எவ்வளவு நேரம்யா ஆகும்? பாத்தேன், இவன்தான் குத்துனான். சொல்லிட்டு வீட்டுக்குப் போவானா, சும்மா தூணு மாதிரி நிக்கிறான்” என்றேன். அதற்கு ஜட்ஜ் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், “சொல்லிட்டு அவன் அதே தெருவுலதானே குடியிருக்கணும்” என்றார். அப்போது நான் சிரித்தேன்.

மிஷினில் அலாரம் ஒன்று உண்டு. கையை மடக்கினால் அடிக்கும், இருமினால் அடிக்கும், குழாய் கொஞ்சம் மடங்கினாலும் அடிக்கும். முன்பு அறைக்கு டெக்னீஷியன்கள் இரண்டு பேர். ஒருவரை நிர்வாகம் நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்தப் பெண் ஒருத்திதான் எல்லா மிஷினுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் நாடகத்தில் சொன்னது காதில் விழாமல் போய்விடுகிறது என்று, நாங்களே அலாரத்தை நிறுத்தப் பழகிக்கொண்டோம். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் சத்தம் நிற்கும். இன்னொருமுறை அமுக்கினால் மிஷின் மறுபடி ஓடும். யார் மிஷின் அடித்தாலும் யாருக்குக் கை எட்டுகிறதோ அவர் அமுக்குவார். அவள் பார்த்தால் கோபித்துக்கொள்வாள். பார்க்காதபோது அமுக்குவோம். அவளுக்கு உதவி செய்வதாகக்கூட நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பவத்தன்று வழக்கம்போல் எங்களுக்கு ஊசி குத்தி மிஷினை ஓடவிட்டாள். அதன் பிறகு நாடகம் ஆரம்பித்தது. அன்று சாட்சி பேசப்போகிறான் என்று முந்தைய நாளே காட்டிவிட்டார்கள் என்று ஜட்ஜ் குழந்தை மாதிரி குதூகலமாக இருந்தார். அதன் பிறகு சென்டர் மேனேஜர் கதவைத் திறந்து, பின்னால் தண்ணீர் சுத்திகரிக்கும் அறையில் அழுத்தம் குறைகிறது, உடனே போய்ப் பார் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள், “சார், இங்க யாரும் இல்லையே” என்றாள். அவர், “தண்ணி நின்னா எல்லா மிஷினும் நிக்கும். போ” என்று சொல்லிவிட்டுப் போனார். இதை என் காதால் கேட்டேன். அதன் பிறகு அவள் என் பக்கத்தில் வந்து, “அப்பா, கொஞ்சம் பாத்துக்குங்க. எதுனாலும் குரல் குடுங்க” என்றாள். நான், “நீ போம்மா, நாங்க எங்க ஓடிடப்போறோம்” என்றேன்.

தண்ணீர் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. என் நாற்காலியிலிருந்து அவள் முதுகு தெரியும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, குனிந்து ஒரு வால்வை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கையில் போன் இல்லை. அவள் வெளியே போய்ப் போன் பேசிக்கொண்டிருந்தாள் என்று மேனேஜர் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சுத்தப் பொய். இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நாடகத்தில் நீதிபதி, பார்த்ததைச் சொல்லும்படி சாட்சியிடம் கேட்டார். சாட்சி நிமிர்ந்தான். அந்த நேரத்தில் ஜட்ஜின் மிஷின் அடித்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டி.வி.யைப் பார்த்தபடியே, ஊசி இல்லாத கையைத் தூக்கி, நிறுத்து என்று விரலை ஆட்டினார். நான் கையை நீட்டி ஒருமுறை அமுக்கினேன். சத்தம் நின்றது. இன்னொருமுறை அமுக்கினேன். மிஷின் ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தை இன்னும் கூட்டினேன். நானும் அந்த நாடகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டிக்கொண்டே இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ரத்தம் திரும்பி வரும் ஊசி கழன்றதால்தான் அலாரம் அடித்தது என்றும், அதைப் பார்க்காமல் மிஷினை ஓடவிட்டால் ரத்தம் உடம்புக்குத் திரும்பாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும் என்றும், மறுபடி அலாரம் அடிக்கும் என்று நம்ப முடியாது என்றும் மருத்துவர் பிறகு சொன்னார். கை போர்வைக்குள் இருந்தது. போர்வை தடித்தது. என் பக்கம் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

சாட்சி பேசவில்லை. நின்றுகொண்டே இருந்தான். எச்சில் விழுங்குவதைக் காட்டினார்கள், ஜன்னலைக் காட்டினார்கள். நான் சலித்துப்போய், “என்ன ஜட்ஜய்யா, உங்க ஆளு இன்னைக்கும் வாயத் திறக்கலையே” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. நாடகம் ஓடும்போது நான் கிண்டல் செய்தால் அவர் பதில் சொல்லமாட்டார் என்பதால் எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை. “தூங்கிட்டீங்களா?” என்றேன். கண் திறந்துதான் இருந்தது. டி.வி.யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, ரசிக்கிறார், ரசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விளம்பரம் வந்தபோதும் அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்தப் பெண் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நாலடி வந்தவள் ஜட்ஜின் நாற்காலிக்கு மறுபக்கம் தரையில் தேங்கியிருந்ததைப் பார்த்து நின்றாள். அதன் பிறகு ஓடிவந்து போர்வையைத் தூக்கினாள். அதற்குப் பின் நான் பார்த்ததைச் சொல்லும்படி ஆய்வாளர் இப்போது கேட்கிறார். போர்வை கனத்துப்போய் அவள் கையிலிருந்து நழுவியது. அவள் தரையில் உட்கார்ந்து அவர் கையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். டீச்சர் வீறிட்டார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, போதும் விடு என்று சொன்ன பிறகும் அவள் விடவில்லை. அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். டி.வி.யில் சத்தம் அவ்வளவு இருந்தும் யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. ரிமோட் என் மடியில்தான் இருந்தது.

அன்று பிற்பகல் மேனேஜர் என்னிடம் தனியாக வந்து, “டிரைவர் சார், நீங்க தூங்கிட்டு இருந்தீங்கதானே?” என்று கேட்டார். “உங்க சேரைக் கேட்டு எத்தனை பேர் காத்துட்டிருக்காங்க தெரியுமா? நாங்க யாரையும் விட்டுக்குடுக்கிறதில்ல” என்றார். மிரட்டினாரா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை, தோளைத் தட்டிக்கொடுத்தார். இந்த ஊரில் மிஷின் உள்ள இடம் அது ஒன்றுதான். இரண்டு முறை தொடர்ந்து போகாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். அதனால் உதவி ஆய்வாளர் கேட்டபோது தூங்கிவிட்டேன் என்றேன். வீட்டில் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள், “ஏங்க, போனவர் போயிட்டார். நீங்க இருக்கணும்ங்க” என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

அதன் பிறகு டெக்னீஷியன் பெண்ணைக் கைது செய்துவிட்டதாகத் தெரிந்தது. ஜட்ஜின் மனைவி சென்டர் வாசலில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைச் சாகவிட்டுப் போன் பேசினாளே, அவ நல்லா இருப்பாளா என்று மண்ணை வாரித் தூற்றினார். நான் அவரைக் கடந்துதான் உள்ளே போனேன். அவர் என்னைப் பார்த்து எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, தினமும் உங்களைப் பத்தித்தான் வீட்ல பேசுவார். கடைசியா ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டார். விரலை ஆட்டினார் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

நேற்று காலை என் முறை. பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருவர் படுத்திருந்தார். புது டெக்னீஷியன் ஊசி குத்தினார். டி.வி. ஓடியது, அதே நாடகம். சாட்சி இன்னும் கூண்டில்தான் நின்றுகொண்டிருந்தான். டீச்சர் அவனைப் பார்த்து, “இவன் ஒருத்தன் வாயைத் திறந்தா அந்தப் பொண்ணு வெளிய வந்துடும். என்ன மனுஷனோ” என்றார். நாடகத்தில் ஜெயிலில் இருப்பதும் ஒரு பெண்தான். டீச்சர் டி.வி.யைப் பார்த்துத்தான் சொன்னார். சேனலை மாற்றவா என்று புதிதாக வந்தவர் கேட்டார், செம போர் சார் என்றார். வேண்டாம், ஓடட்டும் என்றேன். முடியும்வரை பார்த்தேன். அவன் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜட்ஜ் இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அந்தப் பெண் என்னை நம்பி அறையை ஒப்படைத்துவிட்டுப் போனாள். அலாரத்தை நிறுத்தியவன் நான். மிஷினை மறுபடி ஓடவிட்டவன் நான். அவள் இல்லை. இதனால் என் மீது வழக்கு வரலாம் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். புரிந்தது. நாளை மறுநாள் எனக்கு அடுத்த முறை. நாற்காலி இருக்குமா என்று தெரியவில்லை.

மேலே உள்ளது முழுவதும் நான் கண்டதும் செய்ததும் ஆகும். யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ சொல்லவில்லை. ஏட்டு இதை எனக்குப் படித்துக் காட்டினார். சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் படபடவென்று படித்து முடித்து, கையெழுத்துப் போடச் சொன்னார். இன்னொருமுறை, மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அவர் மெதுவாகப் படித்தார். எல்லாம் உண்மை.

(கையொப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
ஆய்வாளர்