உள்ளங்கை மதிப்பெண்

காய்கறிக் கடையில் எனக்குத் தராசு தேவைப்பட்டதே இல்லை. ஒரு பூசணித் துண்டை உள்ளங்கையில் வைத்தால் போதும், எடையைச் சொல்லிவிடுவேன். கடைக்காரர் நிறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க கை பொய் சொல்லாது சார்" என்பார். விசாரணைக் குழு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் பயன்படும்.

முப்பத்தொரு வருடம் இந்தப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தேன். குறைத்துச் சொன்னாலும் இரண்டு லட்சம் கட்டுரைகள் திருத்தியிருப்பேன். மற்றவர்கள் கட்டுகளோடு மல்லுக்கட்டி முகம் வீங்கித் திரிந்த நாட்களில், நான் பீன்ஸ் நறுக்கும் நேரத்தில் நாற்பது கட்டுரையை முடித்துவிட்டு மத்தியானத் தூக்கமும் போட்டேன். மனைவி மட்டும் அவ்வப்போது, "கண்ணாடி போடாமலேயே திருத்துறீங்களே, அந்தப் பிள்ளைங்க பாவம் உங்களைச் சும்மா விடாது" என்பாள். அவள் எதையும் பெரிதுபடுத்துகிறவள்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் சாட்பாட் வந்தது. மாணவர்கள் அதனிடம் கட்டுரை எழுதி வாங்கினார்கள். அதனிடமே திருத்தவும் கொடுத்துவிடலாமா என்று நிர்வாகம் யோசித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒருவரின் உழைப்பை வரி வரியாகப் படித்து மதிப்பிட மனித மனத்தால் மட்டுமே முடியும் என்று பதினான்கு பக்கக் கண்டன மனு எழுதினேன். துணைவேந்தர் உருகிப்போனார். அவர் என் பழைய மாணவர். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். "சாருடைய மனசையே அதுக்குக் கத்துக்குடுத்துடலாம்" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆவண அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் கட்டுகளையெல்லாம் ஸ்கேன் செய்து அதற்கு ஊட்டினார்கள்.

மூன்றே வாரத்தில் அது அச்சு அசல் என்னைப் போலவே மதிப்பெண் போட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொருத்தம். எனக்குப் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. என் படத்துக்குச் சட்டம்கூட வாங்கிவிட்டார்கள்.

கெடுத்தவர் துறைத்தலைவி. அவரும் என் பழைய மாணவிதான். விழாவுக்கு முதல் நாள் காலை, ஒரு கட்டுரையைக் காட்டி, இதற்கு ஏன் பத்துக்கு ஏழு போட்டாய் என்று சாட்பாட்டைக் கேட்டிருக்கிறார். அது மிகுந்த பணிவோடு விளக்கியது. எட்டுத் தாள் என்றால் ஏழு மதிப்பெண். ஆறு தாள் என்றால் ஐந்து. கட்டுக்குள் பதினொன்றாவதாக இருந்தால் ஒன்று கூடும். எழுதப்பட்ட விஷயத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா என்று தேடினேன், கிடைக்கவில்லை என்றது.

பதினொன்றாவது கட்டுரையை எடுக்கும்போது எனக்கு டீ வந்துவிடும். அதையும் மோப்பம் பிடித்திருக்கிறது. ஒப்புக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

ஆம், எடை பார்த்துத்தான் போட்டேன். உள்ளங்கையில். சாட்பாட்டுக்குப் பாவம், கை இல்லை, தாளை எண்ணியிருக்கிறது. படித்துத் திருத்தினால் விருப்பு வெறுப்பு வந்துவிடும். எடைக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது.

விசாரணையில் துறைத்தலைவி ஒரு பழுப்பேறிய கட்டுரையை என் முன்னால் வைத்தார். அவர் மாணவியாக இருந்தபோது எழுதியது. ஆறு தாள். ஐந்து மதிப்பெண்.

"நாலாம் பக்கம் பாருங்க சார்."

பார்த்தேன். பேருந்து நேர அட்டவணை. முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை, முழுப் பக்கத்துக்கு.

"நீங்க படிக்கிறீங்களான்னு பார்க்கத்தான் நடுவுல அதைச் சொருகினேன். ஓரத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"வாதம் நன்று. ஆதாரம் போதாது" என்று வாசித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது.

"அந்த அஞ்சால எனக்கு ஆராய்ச்சி இடம் போச்சு. பதினோரு வருஷம் தற்காலிக வேலையில அலைஞ்சேன். இடம் யாருக்குப் போச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பதினெட்டுத் தாள் எழுதியவருக்கு. அவர்தான் இப்போது துணைவேந்தர். அந்தக் கனம் இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

"என் கட்டுரையை முதன்முதலா முழுசாப் படிச்சது சாட்பாட்தான் சார். அட்டவணையில ஆறரை வண்டி ரெண்டு தடவை வருதுன்னுகூடச் சொல்லுச்சு." அவர் சிரித்தார். குழுவில் மற்ற இருவரும் சிரிக்கவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரே ஒரு தடவை படிச்சு, அதுக்கு என்ன உண்டோ அதைப் போட்டுக் குடுங்க. என் பதிவைத் திருத்திக்கிறேன்."

கொண்டுவந்தேன். நான் மனச்சாட்சி உள்ளவன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கை கழுவி, இந்த முறை கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். அவசரமே படவில்லை. வலது கையில் ஒரு தடவை, இடது கையில் ஒரு தடவை. இத்தனை வருடம் ஆவண அறையின் ஈரத்தைக் குடித்து நன்றாகவே கனத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நான் செய்தது அநியாயம் என்று முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஐந்தை அடித்துவிட்டு ஏழு போட்டிருக்கிறேன்.

இந்த நுட்பமெல்லாம் ஓர் இயந்திரத்துக்கு வருமா?