பியானோவுக்காக இடித்த சுவர்

இலவசமாகத் தருகிறேன் என்று யாராவது இணையத்தில் படம் போட்டால் பொருளைப் பார்க்காதீர்கள். பொருளுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பாருங்கள். மூன்று படங்களில் மூன்று விதமான ஜன்னல்கள் தெரிந்தால், அந்தப் பொருள் எந்த வீட்டிலும் இல்லை என்று அர்த்தம்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஒட்டிய உறையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் பொய்யை முகர்ந்துவிடுவேன். நான் ஓய்வு பெற்ற அன்று ஊரில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள். மீதிப் பேர் தங்கள் கடைக்கு நெருப்பு வைக்கத் தீப்பெட்டி வாங்கப் போனார்கள்.

என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், ரயில் ஓட்டியவர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு போட்டி போட்டுப் பேசியே பழகியதால், அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது தெருவில் நாய் எழுந்து உட்காரும். அவருக்கும் மனைவி இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் அவர் வீட்டில் இருந்தார்கள். நான் நான்கு வீடு தள்ளி, ஒரு தட்டு ஒரு டம்ளரோடு இருந்தேன்.

பேத்தியைச் சுண்டெலி என்று கூப்பிடுவோம். விடுமுறை நாளில் மட்டும் என்னிடம் வருவாள்.

"அந்தத் தாத்தா எஞ்சின் மாதிரியே கூவுவாங்க. நீங்க கூவுங்க பாக்கலாம்," என்பாள்.

கூவிப் பார்த்தேன். இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் சாப்பாட்டு மேசை விளிம்பில் விரலை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பியானோ ஒன்று கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று நம் ரயில் ஓட்டுநர் சம்பந்தி அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். சுண்டெலி என்னிடம் வந்து, "பியானோ வந்துட்டா லீவு நாள்லகூட வர முடியாது தாத்தா. பழகணும்ல," என்றாள். குழந்தை. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

அந்த வாரமே ஓட்டுநர் கைபேசியோடு வந்தார்.

"சம்பந்தி, ஒரு அம்மா பியானோவைச் சும்மா கொடுக்கறாங்களாம். வீட்டுக்காரர் தவறிட்டாராம், நல்ல கைக்குப் போகணுமாம். வண்டி வாடகை மட்டும் நாம கட்டினாப் போதும். சிக்னல் பாக்காம நான் வண்டி எடுத்ததே இல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். மூன்று ஜன்னல்கள் இருந்தன. மின்னஞ்சலில் வந்த முதல் கடிதத்தில் மாரடைப்பில் இறந்த கணவர், இரண்டாவது கடிதத்தில் விபத்தில் சிக்கி மறுபடியும் இறந்திருந்தார். அந்த அம்மாள் சொல்லும் வண்டிக்காரரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், வாடகையை முன்னதாகவே அனுப்ப வேண்டும். இன்னும் நான்கு பேர் கேட்டுக் காத்திருக்கிறார்களாம். அழுது அழுது குரல் போய்விட்டதால் தொலைபேசியில் பேச முடியாதாம். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு கச்சிதமான பொய் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

"பாவம், நல்ல குடும்பம் மாதிரி தெரியுது," என்றேன்.

எச்சரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எச்சரித்திருந்தால் மறுநாளே கடைக்குப் போய் ஒரு பியானோ வாங்கியிருப்பார். வராத பியானோவுக்குக் காத்திருக்கிற மனிதர் வேறு பியானோ வாங்கமாட்டார். இதை நிதானமாக யோசித்துப் பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

ஓட்டுநர் வாடகை அனுப்பினார். பிறகு வழியில் சேதமானால் என்று காப்பீட்டுக்கும் அனுப்பினார். காப்பீடு என்றதும் எனக்கே கொஞ்சம் நெகிழ்ச்சியாக இருந்தது. அதோடு அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டாள். ஓட்டுநரின் முகம் வாடிப்போயிற்று. "கடையில ஒண்ணு பாக்கட்டுமா சம்பந்தி?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு மனிதரை இப்படி நடுவழியில் இறக்கிவிட்டுப் போவது மனிதத்தன்மை இல்லை. ஆகவே நான் அந்த அம்மாள் ஆனேன். பழைய முகவரி கெட்டுவிட்டது, இனி இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று புதிதாக ஒன்றிலிருந்து கடிதம் போட்டேன். ஓட்டுநர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நான் எழுதியதை நானே கண்ணாடி போட்டுப் படித்து, "அதே அம்மாதான். நடையைப் பாருங்க," என்றேன். உண்மையில் என் அம்மாள் அவளைவிட நன்றாக எழுதினாள். கணவரை மாரடைப்போடு நிறுத்தினாள். ஒரு காசுகூடக் கேட்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வாசல் அகலம் எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். ஓட்டுநர் அளந்து எழுதினார். போதாது என்றாள். இது இறக்கை வைத்த பெரிய பியானோ, காலைக் கழற்றினால் சுருதி போய்விடும், வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று வருத்தத்தோடு கேட்டாள். சுவரை இடி என்று அவள் எந்த இடத்திலும் எழுதவில்லை.

ஓட்டுநர் பனியனோடு நின்று தன் கையாலேயே கூடத்துச் சுவரை இடித்தார். ஒரு யானை குடும்பத்தோடு உள்ளே போய், குட்டியைக் காணோம் என்று தேடித் திரும்பி வரலாம். அவ்வளவு பெரிய ஓட்டை.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து தெருவிலேயே நின்றுவிட்டார்.

"அப்பா, சுவர் எங்கப்பா?"

"பியானோ வருதுடா. சம்பந்தி பாத்து சரின்னுட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கடிதம் நல்லாத்தான் இருந்தது மாப்பிள்ளை. சுவரை இடிக்கணும்னு நான் சொல்லலையே," என்றேன். மாப்பிள்ளைக்கு நியாயம் தெரியும். தலையாட்டினார். அன்றோடு அவர் தன் தகப்பனாரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

சுவர்ப்புழுதியில் சுண்டெலிக்கு இருமல் வந்தது. இருமல் என் கணக்கில் இல்லை. ஆனால் வந்தது நல்லதாகப் போயிற்று. "கொஞ்ச நாள் இங்க இருக்கோம்பா," என்று மாப்பிள்ளையையும் சுண்டெலியையும் கூட்டிக்கொண்டு மகள் பெட்டியோடு வந்து நின்றாள். அவர்களுக்கான அறைக்கு நான் வர்ணம் பூசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஓட்டுநரால் வர முடியவில்லை. சுவரில்லாத வீட்டை யார் காப்பது? ஓட்டையில் ஒரு படுதாவைக் கட்டி, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுண்டெலி பள்ளி விட்டு வரும் வழியில் அங்கே கொஞ்ச நேரம் நின்று, அவர் கைபேசியில் அந்த அம்மாளின் கடிதங்களைப் படித்துவிட்டு வருவாள். நான் தடுக்கவில்லை.

ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு அவர் என் வீட்டுக் கதவுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ஏமாந்துட்டேன்னு தோணுது சம்பந்தி. நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். சுவரை எழுப்பிட்டா பிள்ளைங்க வந்துடும்ல?"

கைபேசியை வாங்கி, எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து பொறுமையாகப் படித்தேன்.

"இவ்வளவு நாள் பொறுத்தீங்க. இது பொய்யா இருந்தா எனக்குத் தெரியாதா? இப்ப சுவரை மூடினா நாளைக்கு மறுபடி இடிக்கணும்," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆகவே உங்களுக்குத் தெளிவாகவே சொல்கிறேன். பியானோ இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அதற்குப் பிறகு அந்த அம்மாள் நான்தான்.

நேற்று மாலை அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. மகளின் கைபேசியிலிருந்து வந்திருந்தது.

"அன்புள்ள பாட்டி, எனக்குப் பியானோ வேண்டாம். வராது என்று தாத்தாவுக்கு எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர் சுவரை மூடுவார். நாங்கள் இப்போது இன்னொரு தாத்தா வீட்டில் இருக்கிறோம். எனக்கு எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்."

இரண்டு முறை படித்தேன். அழகான கடிதம். ஒரு பிழை இல்லை. குழந்தைக்குப் பதில் போடாமல் விடுவது சரியில்லை என்று உடனே எழுதினேன்.

"அன்புக் குழந்தைக்கு, கவலைப்படாதே. பியானோ இன்று காலை கிளம்பிவிட்டது. வந்து சேரும்வரை இன்னொரு தாத்தாவோடு சமர்த்தாக இரு."

அனுப்பினேன். பக்கத்து அறையில் கைபேசி ஒலித்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. அளவுக்கு மீறிய சந்தோஷம் வந்தால் குழந்தைகள் அப்படித்தான் பேச்சற்றுப் போவார்கள்.