சூடு தாங்கும் ஈஸ்ட்

பழுத்து வெடித்த பலாப்பழத்தின் புளித்த வாடை எனக்குப் பிடிக்கும், ஐயா. அதில் தானாக வந்து குடியேறும் ஈஸ்ட்தான் என் ஆராய்ச்சி. குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் உதிர்ந்த பழத்திலிருந்து ஒரு வகை எடுத்தேன். புளியறையில் லாரிகள் நிற்கும் சாலையோரத்தில் இன்னொன்று. சூட்டைத் தாங்கவைக்கும் மரபணு இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் புளியறை ஈஸ்டில் அது பல மடங்கு வேலை செய்தது. வெயிலில் கிடந்து கிடந்து அதன் பிறவிக் குணமே அப்படி ஆகிவிட்டது என்று ஆய்வேடு எழுதினேன்.

அதற்குள் எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பும் இந்த மாதத்தோடு முடிகிறது. அச்சன்புதூர் டீக்கடையில், "ஏலே சிவனணைஞ்சான், டாக்டர் பட்டம் எப்பதான் வருது? ஊசி போடவாவது படிச்சியாலே?" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

முஃபீத் அதே ஆய்வகத்தில் எனக்கு இளையவன். நான் தனித்தனிப் பெட்டியில் வைத்திருந்த இரண்டு ஈஸ்டையும் ஒரே குளிர்ப்பெட்டியில் வளர்த்துப் பார்த்திருக்கிறான்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீங்க அளந்த அன்னைக்கு கரண்ட் போச்சுல்லா? உங்க புளியறைப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது. குளிர் நின்னு சூடாயிருக்கு, அதான் கூடக் காட்டுது. வாங்க, உமாதேவி மேடத்துகிட்ட சொல்லிருவோம்."

மேடம்தான் எங்கள் வழிகாட்டி. பட்டம் கைக்கு வரும்வரை பொறு என்று அவனிடம் கெஞ்சினேன்.

"எப்படி அண்ணாச்சி? பொய்யில்லா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

செல்களை உறைய வைக்கும் திரவ நைட்ரஜனை உள்ளறையில்தான் ஊற்றுவோம். அது ஆவியாகி மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். கதவின் உள்தாழ்ப்பாள் வேறு பழுது, சாத்திக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க வராது. அதனால் செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஊற்றுவது வழக்கம். அந்தச் செங்கல்லைக் கொண்டுவந்து போட்டதே நான்தான். முஃபீத் சேர்ந்த புதிதில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

மறுநாள் அவன் ஊற்றிக்கொண்டிருந்தபோது செங்கல்லைக் காலால் நகர்த்தினேன். அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, செங்கல் நழுவிட்டு போல. கதவு சாத்திக்கிட்டு" என்று தட்டினான். நழுவியதாகவே நினைத்தான். நான் கதவில் கை வைத்தபடி நின்றேன். தட்டுவது நின்று வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்து, செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்தேன்.

நான் கொலைகாரப் பிறவி இல்லை, ஐயா. வீட்டில் கோழி அறுத்தால்கூட வெளியே போய்விடுவேன். நெருக்கடி அப்படி. அந்தச் சூட்டில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

புளியறை ஈஸ்ட் விஷயம் வேறு. அது பிறவிக் குணம்தான். ஆய்வேட்டில் அந்த வரியை மட்டும் திருத்த வேண்டாமென்று மேடத்திடம் சொல்லுங்கள்.