போட்டாச்சு என்ற குரல்

உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அது இன்ஸ்பெக்டரின் தொப்பி. நசுங்கிப்போனது. ஸ்டேஷனில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கொலைகாரன் என்று சந்தேகம் வந்துவிட்டால் நம் தமாஷுக்கு மவுசு போய்விடுகிறது, மாஜிஸ்திரேட் அய்யா.

என் பெயர் சுயம்புலிங்கம். கூடலூரிலிருந்து குமுளி மலைக்கு அரிசி ஏற்றிப் போகும் மாட்டுவண்டி எங்களுடையது. ஓட்டுவது என் தங்கை அய்யம்மாளின் புருஷன் கோட்டைச்சாமி. நான் பின்னால் நடப்பவன். ஏற்றத்தில் மாடு மூச்சு வாங்க நின்றால், சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டு, "போட்டாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் ஓட்டுகிறவர் இறங்குவார். மாப்பிள்ளை ஒருநாளும் என் குரலைச் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்ததில்லை.

குச்சனூர் திருவிழாவுக்கு மறுநாள் அய்யம்மாளின் நெற்றி பிளந்திருந்தது. எனக்கும் கள்ளின் மிச்சத்தில் தலை நிற்கவில்லை.

"யாரு ஆத்தா அடிச்சது?"

"விழுந்துட்டேண்ணே."

சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனித்துக்கொண்டார். எனக்கு அது போதும். தங்கை மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

அடுத்த நடை, பின்பக்கம் பாறை ஒட்டிய வளைவில் மாடு நின்றது. "போட்டாச்சு" என்றேன். போடவில்லை.

மாப்பிள்ளை இறங்கி, சக்கரத்தைப் பார்க்காமலே பின்னால் வந்தார். "மூட்டக் கயிறு தளந்துபோச்சு மச்சான், நீங்க மாட்டைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். பிடித்து, மெல்லப் பின்னால் தள்ளினேன். மாடுகள் பாவம், சொன்னதைக் கேட்கும். வண்டிக்கும் பாறைக்கும் நடுவிலிருந்து அவர் கொஞ்ச நேரம் கூப்பிட்டார். உதவிக்கு என்னைத்தான் கூப்பிட்டார்.

சத்தம் அடங்கியதும் போய்ச் சக்கரத்துக்குக் கல் போட்டேன். வண்டி நின்றால் கல் போட வேண்டும். கைப்பழக்கம்.

கல் நழுவி விபத்து என்றுதான் முதலில் சொன்னேன். மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணியும் ஏட்டு கருத்தக்கண்ணனும் ஜோடியாக வந்தார்கள். ஏட்டு குந்தி உட்கார்ந்து கல்லைப் புரட்டினார்.

"முன்னாடியே போட்ட கல்லுன்னா, அடியில எப்படிலே ரத்தம்?"

"இம்புட்டு யோக்கியமான கை," என்றார் இன்ஸ்பெக்டர், "கொஞ்சம் முந்தி எங்கன போயிருந்துச்சு?"

அங்கிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

இன்று காலை கோர்ட்டுக் கச்சேரி வாசலில் அய்யம்மாள் நின்றாள். நெற்றிப் புண் காய்ந்திருந்தது. "இனி உன் மேல கை வைக்க ஆளில்ல. இப்பவாவது சொல்லு ஆத்தா, அடிச்சது யாரு?" என்றேன்.

"நீதாண்ணே. திருவிழாவுல குடிச்சுட்டு வந்து, சோறு ஆறிப்போச்சுன்னு விறகுக்கட்டைய எடுத்த. உனக்கு நெனப்பில்ல. தெரிஞ்சா மச்சான் மனசு தாங்காது, சொல்லாதன்னு அவுகதான் சொன்னாக."