பெரியவர் உள்ளே இருக்கிறார்

அந்தச் சுத்தியலக் கீழ வைங்க மேஸ்திரி. மொதல்ல நான் சொல்றத முழுசா கேட்டுடுங்க, அப்புறம் செவுத்தத் தொடலாம். என்ன, தலையையே பாக்குறீங்க? சோப்பு. காஞ்சு போச்சு. பாதிக் குளியல்ல எழுந்து ஓடியாந்தவன் வேற எப்படி இருப்பான்? துண்டு கெடைச்சதே பெரிய விஷயம்.

ஓய்வெடுக்க வந்தேங்க நான். என் பொண்ணோட மாமனாரு தோட்டம் இது. "சம்பந்தி, பத்து நாள் வந்து காத்தாட இருங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க"ன்னாரு. நல்ல மனுஷன். தங்கமான மனுஷன். ஆனா நான் முப்பத்திரெண்டு வருஷம் ஃபேக்டரியில பாதுகாப்பு அதிகாரியா இருந்தவன். உள்ள கால் வெச்சதுமே கண்ணு குறையத்தான் தேடுச்சு. மோட்டார் ரூமுக்குக் கதவில்ல. கெணத்து மேல வலை இல்ல. ஏணிய சும்மா சாத்தி வெச்சிருக்காங்க, எவன் வேணா ஏறலாம். கோழி... கோழி வந்து வாசப்படியில நிக்குது மேஸ்திரி, தடுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?

"அப்பா, அங்க போயி உங்க இன்ஸ்பெக்‌ஷன் வேலையக் காட்டாதீங்க, கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆகுது"ன்னு பொண்ணு கெஞ்சித்தான் அனுப்பிச்சா. நான் ஒண்ணும் காட்டல. எழுதி மட்டும் வெச்சேன். ரெண்டு நாள்ல எழுபத்தோரு குறை. அதுல ஒண்ணு மெத்தை. முதுகுக்கு ஒத்துக்கலன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அந்த மனுஷன் இன்னைக்கு விடிஞ்சதும் எனக்குப் புது மெத்தை வாங்க ஜீப்ப எடுத்துக்கிட்டு டவுனுக்குக் கெளம்பிட்டாரு. இப்ப வந்துடுவாரு. அவருக்கு இது தெரியவே கூடாது. தெரிஞ்சா என் பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

சொல்றேன், சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன். போன்ல பாத்ரூம்ல சின்ன அடைப்புன்னு சொன்னேன் இல்லையா, அது பொய்யில்ல. அடைச்சுக்கிட்டுத்தான் நிக்குது. சம்பந்தியோட காளை. இங்க எல்லாரும் அதப் பெரியவருன்னுதான் கூப்பிடுவாங்க. பெரியவரு பாத்ரூம்ல இருக்காரு.

எப்படி வந்தாரா? பின்பக்கக் கதவு வழியாத்தான். தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு இருக்கு, அத நான் தொறந்தே வெச்சிருந்தேன். அவசர வழி மேஸ்திரி. எந்த ரூமா இருந்தாலும் தப்பிச்சு ஓட ரெண்டு வழி வேணும். குளிக்கும்போதுமான்னா... குளிக்கும்போதுதானே வழுக்கும்? ஆபத்தே அந்த வழியா உள்ள வரும்னு எந்தப் புத்தகத்துலயும் போடல.

முதுகு தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், திரும்பிப் பாத்தா பக்கெட்டுல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காரு. என்னைய ஒரு தடவ பாத்தாரு. மரியாதையாத்தான் பாத்தாரு. நான் ரூம் பக்கமா வந்து தாப்பாளப் போட்டுட்டேன். இப்ப அவரால திரும்பவும் முடியல, பின்னால நடக்கவும் மனசில்ல. பாவம், தாகம்.

தாகம் ஏன்னா... அது வந்து... நான் வந்த அன்னைக்கே சம்பந்தி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "இங்க எந்தக் கேட்டும் எப்படி இருக்கோ அப்படியே விட்டுடுங்க. தொறந்திருந்தா தொறந்தே, மூடியிருந்தா மூடியே." எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. தொறந்து கெடக்குற கேட்டுல என்னங்க பாதுகாப்பு? அவரு கெளம்பின கையோட ஒண்ணு விடாம மூடினேன். மாடு மேயுற எடத்துக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல ஒரு கேட்டு, அதையும் சேர்த்து. மத்தியானம் வரைக்கும் மாடுங்க கத்துச்சு. சத்தம் அதிகம்னு எழுபத்திரெண்டாவது குறையா எழுதிட்டு, வெயில்ல சுத்தின கசகசப்புக்குக் குளிக்கப் போனேன். பெரியவரு எழுதிக்கிட்டு இருப்பாரா? வேலிய மிதிச்சுட்டு வந்துட்டாரு. மத்ததுங்களுக்கு இப்ப தொறந்து விட்டாச்சு, அப்படிப் பாக்காதீங்க.

வேலை சின்னதுதான். இந்தச் செவுத்த இடிக்கிறீங்க. பெரியவரு நேரா வெளிய போயிடுறாரு. மறுபடி கட்டி, பூசி, வெள்ளையடிச்சு... ஒரு மணி நேரம் போதாது? பூச்சு ஈரமா இருந்தா விசிறி வெச்சுக்கலாம்.

எங்க போறீங்க? மேஸ்திரி? அந்தப் பக்கம் போகாதீங்க, வாசக் கேட்டு பூட்டியிருக்கு, வரும்போது மதிலேறித்தானே வந்தீங்க. பூட்டினது நான்தான். சாவி என் சட்டைப் பையில. சட்டை... உள்ள ஆணியில தொங்குது. மேஸ்திரி, சுத்தியல விட்டுட்டுப் போறீங்களே...

குதிச்சுட்டான் மனுஷன்.

ஐயோ. ஹாரன். ஜீப்பு ஹாரன்.

தன் தோட்டத்து வாசல்ல, எனக்காக வாங்கின மெத்தையோட, உள்ள வர முடியாம நிக்கிறாரு எங்க சம்பந்தி. வந்துட்டேங்க சம்பந்தி! ஒரு நிமிஷம்!

பெரியவரே... ஐயா, இந்த ஜன்னல் பக்கம் கொஞ்சம் பாருங்க. தப்பு என்னுதுதான், தொட்டி கேட்ட மூடினது நான்தான், இனிமே ஒரு கேட்டுலயும் கை வெக்கமாட்டேன். உங்க கொம்புக்குப் பக்கத்துல ஆணியில ஒரு சட்டை இருக்கும். அதக் கொஞ்சம் இப்படித் தள்ளி விட்டீங்கன்னா...

ஆணி மட்டுந்தான் இருக்கு.

பெரியவரே, வாயில என்னங்க?